சிக்னலில் ஏறும் முள், சாலையில் இறங்குகிறது

கேள்வி: என்னுடையது பத்து வருடப் பழைய பெட்ரோல் கார். நெரிசலில் நின்றால் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டை நெருங்குகிறது. வேகமாக ஓட்டினால் இறங்கிவிடுகிறது. தெர்மோஸ்டாட்டை மாற்றியும் சரியாகவில்லை. வீட்டிலேயே பார்க்க முடியுமா?

பதில்: பாதி விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது அந்த வேலையை ஃபேன்தான் செய்ய வேண்டும். தெர்மோஸ்டாட் என்பது இஞ்சின் சூடானதும் திறந்து கூலன்ட்டை (இஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை) ரேடியேட்டருக்கு விடும் வால்வு. அது மூடியபடி சிக்கியிருந்தால் வேகமாக ஓட்டினாலும் முள் இறங்காது. ஆகவே அதை மாற்றியது வீண் செலவு. முதல் சந்தேகம் ஃபேன் மீதுதான்.

அதற்கு முன் கூலன்ட் அளவைப் பாருங்கள், இஞ்சின் முழுக்க ஆறிய பிறகு. சூடாக இருக்கும்போது உள்ளே அழுத்தம் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கூலன்ட் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அது ஆவியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. ஹோஸ் இணைப்புகளிலும் வாட்டர் பம்ப் அடியிலும் ஈரமோ காய்ந்த படிவமோ இருக்கிறதா என்று தேடுங்கள். தற்காலிகமாகக் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் பரவாயில்லை. அதையே வழக்கமாக்கினால் உள்ளே உப்புப் படிந்துவிடும்.

சரி, ஃபேனுக்கு வருவோம். இஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சற்று நேரத்தில் ஃபேன் சுற்றத் தொடங்கும். சுற்றினால் மோட்டார் உயிரோடு இருக்கிறது. சூட்டை உணர்த்தும் சென்சாரையோ அதன் வயரையோ சந்தேகிக்கலாம். சுற்றவில்லையா? பானெட்டுக்கு அடியில் உள்ள ஃபியூஸ் பெட்டியில் ஃபேன் ஃபியூஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால், ஃபேனுக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சான ஃபேன் ரிலேயைப் பாருங்கள். பெரும்பாலும் பக்கத்திலேயே அதே எண் அச்சிட்ட வேறொரு ரிலே இருக்கும். இரண்டு ரிலேக்களையும் இடம் மாற்றிப் போட்டுச் சோதியுங்கள். காசு செலவில்லாத சோதனை இது. அப்போதும் அசையவில்லை என்றால், ஃபேன் பிளக்கைக் கழற்றி, ஃபியூஸ் வைத்த வயரால் பேட்டரியின் 12 வோல்ட்டை நேரடியாகக் கொடுங்கள். சுற்றினால் கோளாறு வயரிங்கில், சுற்றாவிட்டால் மோட்டாரில். ஒரு எச்சரிக்கை: சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று ஓடும். கையை உள்ளே விடுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள்.

ஃபேன் ஒழுங்காகச் சுற்றியும் சூடு ஏறுகிறதா? ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தூசியும் பூச்சிகளும் அடைந்திருக்கும். முடிந்தவரை இஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி மெதுவாகத் தண்ணீர் அடியுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

கோளாறு தீரும்வரை, வழியில் முள் ஏறினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். உள்ளே வெந்துபோவீர்கள்தான், ஆனால் அந்தச் சூடு இஞ்சினிலிருந்து வருவது. அதற்கும் இறங்காவிட்டால் ஓரமாக நிறுத்தி அணைத்துவிடுங்கள்; கொதிக்கும் இஞ்சின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விழலாம்.

வெளியே கசிவே இல்லாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போய், புகைக்குழாயில் இனிப்பு வாசனையுடன் வெள்ளைப் புகையும் வந்தால், ஹெட் கேஸ்கட் (இஞ்சினின் தலைப்பகுதிக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கக்கூடும். அது வீட்டில் செய்கிற வேலை இல்லை. மெக்கானிக்கிடமும் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், இழுத்துச் செல்லச் சொல்லுங்கள்.