கை நனைத்தல்

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து, எங்கள் ஊருக்கு அருகில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமுக்குச் சென்ற மாதம் இருநூறு பிரியாணிப் பொட்டலங்கள் கொண்டுபோனோம். என் மகளின் பிறந்தநாளுக்காகச் செய்தது. முறைப்படி அனுமதி வாங்கியிருந்தோம். வரிசையில் நின்று வாங்கிக்கொண்டார்கள். ஆனால் யார் முகத்திலும் பெரிய மகிழ்ச்சி தெரியவில்லை. எங்களுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான். கடைசியில் ஒரு வயதான அம்மா மட்டும், "நீங்கள் சாப்பிடவில்லையா? வீட்டுக்கு வாருங்கள், புட்டு இருக்கிறது" என்றார். "சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தோம்" என்று சொல்லிக் கிளம்பிவிட்டோம். திரும்பும் வழியில் ஏனோ மனம் சரியாக இல்லை.

மாதம் ஒருமுறை இதைத் தொடரலாமா? சமைத்த உணவைவிட மளிகைப் பொருளாகக் கொடுப்பது நல்லதா? இங்கேயே இத்தனை ஏழைகள் இருக்கும்போது அங்கே ஏன் என்று ஒரு நண்பர் கேட்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

மளிகையா, சமைத்ததா என்பதை முகாமில் இருப்பவர்களிடம் கேட்டிருக்க வேண்டும். என்னிடம் கேட்டுப் பயனில்லை. உங்கள் நண்பரின் கேள்விக்கும் நீண்ட பதில் தேவையில்லை. இங்குள்ள ஏழைக்கு அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று கேளுங்கள். உண்மையாகவே ஏதாவது செய்கிறவர் என்றால் அவரோடு போய் அதையும் செய்யுங்கள். "இங்கே", "அங்கே" என்று அவர் கோடு போடுகிறாரே, அதை மட்டும் சற்று விளக்கிவிடுங்கள். இராமேஸ்வரத்துக்கு அருகே இருக்கும் மண்டபம் முகாம் வெள்ளையர் காலத்தில் எதற்காகக் கட்டப்பட்டது என்று அவருக்குத் தெரியுமா? நம் மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களை நோய்த் தடுப்புக்காக அடைத்துவைத்துப் பிறகு கப்பலேற்றிய இடம் அது. அப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர், போருக்குப் பயந்து படகில் வந்து, அதே முகாமில் பெயரைப் பதிந்துகொண்டார்கள். அவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று உங்கள் நண்பர் சொல்லட்டும்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் கேள்விகளுக்காக அல்ல. கடிதத்தின் நடுவில், நீங்கள் பெரிதாக நினைக்காமல் எழுதிய ஒரு வரிக்காக. "சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தோம்." அந்த வரி முப்பத்தைந்து வருடங்களாக எனக்குள் கிடக்கிறது.

1990 ஜூனில் இலங்கையில் மறுபடியும் போர் தொடங்கியது. அடுத்த சில மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இராமேஸ்வரம் கரையில் வந்து இறங்கினார்கள். மண்டபத்தில் பதிந்து, அங்கிருந்து மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து அனுப்பினார்கள். எங்கள் ஊருக்கு வந்தவர்களை ஊர்க்கோடியில் காலியாகக் கிடந்த நெல் கிடங்கில் தங்கவைத்தார்கள். சேலையையும் சாக்கையும் குறுக்கே கட்டியதுதான் வீட்டுக்கு வீடு சுவர். அங்கிருந்து ஒரு பையன் என் வகுப்பில், எட்டாம் வகுப்பில், சேர்ந்தான். மன்னார் பக்கத்துக்காரன். வந்த வாரத்திலேயே என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன்.

என் அம்மா அவ்வப்போது ஒரு தூக்குவாளி நிறையச் சாம்பார் ஊற்றி அவன் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். அவன் அம்மா ஒருநாளும் அந்தத் தூக்குவாளியை வெறுமையாகத் திருப்பியதில்லை. கழுவித் துடைத்து, உள்ளே ஒரு காகிதப் பொட்டலத்தில் வறுத்து இடித்த மிளகாய்த்தூள் வைத்துக் கொடுப்பார். அவர்கள் ஊர்க் கறிக்கெல்லாம் அதுதான் உயிர். கிடங்கில் இருந்துகொண்டு மிளகாயும் மல்லியும் எங்கே வாங்கினார், எதில் வறுத்தார் என்று இன்றைக்கு யோசிக்கிறேன். அன்றைக்கு யோசிக்கவில்லை. என் பாட்டி அந்தப் பொட்டலத்தை வாங்கி நேரே சாக்கடையில் கொட்டுவார். "எந்த ஆட்களோ" என்பார். அம்மா ஒன்றும் சொல்லமாட்டார். நானும் சொல்லமாட்டேன்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு அவனோடு கிடங்குக்குப் போனேன். மாலை நான்கரை மணி இருக்கும். உள்ளே மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தேங்காய்ப்பால் விட்ட குழம்பின் மணம். அவன் அம்மா ஒரு தட்டைக் கழுவிக்கொண்டே, "இரு தம்பி, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ" என்றார். நான், "சாப்பிட்டுவிட்டேன்" என்றேன்.

எங்கே சாப்பிட்டேன்? காலையிலிருந்து அவனும் நானும் ஒரே பெஞ்சில்தான் இருந்தோம். நான் எதுவும் சாப்பிடவில்லை என்பது அவனுக்குத் தெரியும். என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். அவன் அம்மா கழுவிய தட்டைச் சுவரோரம் சாய்த்துவைத்தார். மறுநாள் அவன் எப்போதும்போலவே பேசினான். ஆனால் அதற்குப் பிறகு ஒருமுறையும் என்னை வீட்டுக்குக் கூப்பிடவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நானே பல காரணங்கள் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவர்களுக்கே சோறு போதாது, நாம் வேறு சாப்பிட வேண்டுமா என்ற இரக்கம் என்று வெகுகாலம் நம்பினேன். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் அந்தத் தட்டைப் பார்த்தபோது என் காதில் கேட்டது பாட்டியின் குரல். அதை ஒப்புக்கொள்ள எனக்கு இருபது வருடங்கள் ஆயின.

நம் ஊரில் சோறு போடுவதற்கு யாரும் தயங்கியதில்லை. சத்திரம் கட்டியிருக்கிறோம், அன்னதானம் செய்திருக்கிறோம். சோறு போடுகிறவன் திண்ணைமேல் நின்றுகொண்டே போடலாம். வாங்குகிறவன் வாசலில் நிற்பான். யாருடைய இடமும் மாறாது. ஆனால் ஒரு வீட்டில் போய்ச் சாப்பிடுவதற்கு நம்மிடம் தனியாக ஒரு சொல் இருக்கிறது: கை நனைப்பது. "அந்த வீட்டில் கை நனைக்கமாட்டேன்" என்றால் உறவு முறிந்தது என்று பொருள். பெண் பார்க்கப் போன இடத்தில் பேச்சு முடிகிறவரை கை நனைக்காத குடும்பங்கள் இன்றும் உண்டு. யாரோடு உறவு, யாரோடு இல்லை என்பதை நாம் கொடுப்பதை வைத்து முடிவுசெய்வதில்லை, உண்பதை வைத்துத்தான் முடிவுசெய்கிறோம். இருநூறு பொட்டலங்கள் கொடுத்தீர்கள். அந்த அம்மா உங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அதைத்தான் கொடுக்காமல் வந்தீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், இன்னொன்றும் சொல்ல வேண்டும். "யார் முகத்திலும் பெரிய மகிழ்ச்சி தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. வேறு எந்த முகத்தை எதிர்பார்த்துப் போனீர்கள்? 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வரத் தொடங்கியவர்கள் அவர்கள். நாற்பது வருடங்களுக்கு மேலாக வரிசையில் நிற்கிறார்கள். ரேஷன் அரிசிக்கு வரிசை, அரசு மாதாமாதம் தரும் பணக்கொடைக்கு வரிசை, தலைக்கணக்கு எடுக்க அதிகாரி வரும்போது வரிசை. அந்த வரிசையின் தொடர்ச்சியாக உங்கள் பிரியாணிக்கும் ஒரு வரிசை. உங்கள் மகளுக்குப் பிறந்தநாள் என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பிரியாணி பிடிக்குமா என்று ஒருவரையாவது கேட்டீர்களா? அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் எப்போது என்று கேட்டீர்களா? உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்பது உண்டவன் தன் நெஞ்சுக்குச் சொல்லிக்கொள்ள வேண்டிய சொல். உப்பிட்டவன் அதை எதிர்பார்த்து முகம் முகமாகத் தேடிக்கொண்டு நிற்கலாமா?

இதே இடத்தில் இன்னும் கொஞ்சம் நிற்கிறேன். 2003இல் வேறொரு மாவட்டத்து முகாமில் ஓர் அக்கா எனக்குப் புட்டு அவித்துக் கொடுத்தார். அந்த முறை நான் உட்கார்ந்தேன். பத்துக்குப் பத்து அறை. பனை ஓலையில் அவரே முடைந்த நீத்துப்பெட்டியில் அவித்த புட்டு, மீன் குழம்பு, தேங்காய்ப்பாலில் செய்த சொதி. நான் வாயில் வைப்பதற்குள்ளேயே, "புட்டு சரியாக வரவில்லை" என்று சொல்லிவிட்டார். ரேஷன் அரிசியை ஊறவைத்து இடித்த மாவு. அவருடைய ஊரில் சிவப்பரிசி மாவில் அவிப்பார்களாம். மொட்டைக்கறுப்பன் என்று ஒரு நெல்லாம். அதன் மணமே வேறாம். கிலோ 57 காசுக்குப் போட்ட முகாம் அரிசி எந்தப் பதத்துக்கும் வராது என்று சலித்துக்கொண்டார். சொதிக்குத் தேங்காய் போதவில்லை என்று தம் மகளைக் கடிந்துகொண்டார். அரை மணி நேரம் தம் சமையலைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே எனக்கு இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் பரிமாறினார்.

அந்த அரை மணி நேரமும் அவர் அகதி இல்லை. விருந்தாளி வந்திருக்கிற வீட்டின் தலைவி. இலவசமாக வந்த பொட்டலத்தைப் பற்றி அவர் இப்படி ஒரு குறை சொல்ல முடியுமா? உப்பு போதவில்லை, அரிசி குழைந்துவிட்டது, எனக்கு இது பிடிக்காது என்று சொல்லிவிட முடியுமா? சொன்னால் நன்றி கெட்டவர்கள் என்போம். மகிழ்ச்சி தெரியவில்லை என்று கடிதம் எழுதுவோம். தன் நாக்குக்கு எது பிடிக்கும் என்று சொல்லக்கூட வழியில்லாமல் ஒரு மனிதரை நாற்பது வருடம் வைத்திருப்பது எவ்வளவு பெரிய கொடுமை! நண்பன் வீட்டில் நாம் உப்பு குறைவு என்று சொல்கிறோம். நம் வீட்டில் நண்பன் சொல்கிறான். அந்த அம்மா என்றைக்கு உங்கள் பிரியாணியைப் பற்றி உங்களிடம் குறை சொல்கிறாரோ, அன்றைக்கு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

இன்னொரு விஷயத்துக்கும் தயாராகிக்கொள்ளுங்கள். கை நனைத்தால் கடமை வரும். அந்த அக்காவிடமிருந்து மூன்று மாதம் கழித்து எனக்குத் தொலைபேசி வந்தது. மகனின் கல்லூரிச் சேர்க்கைக்கு ஒரு சான்றிதழ் வேண்டும், அலுவலகத்தில் அலைக்கழிக்கிறார்கள், கூட வர முடியுமா என்று கேட்டார். நான்கு முறை போனேன். நான்காம் முறை கிடைத்தது. அவர் பையன் பொறியியல் முடித்தான். முடித்துவிட்டுப் பெயிண்ட் அடிக்கப் போகிறான். முகாம் ஆண்களில் பலர் பார்க்கும் வேலை அது. குடியுரிமை இல்லாதவனுக்கு அரசு வேலை கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது. அகதிகளுக்கான 1951ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இடம் இல்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே மணமுடித்தவர்களின் நிலை இது. 2021இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பணக்கொடையைக் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாயாகவும், மற்ற பெரியவர்களுக்கு 1,000 ரூபாயாகவும், சிறுவர்களுக்கு 500 ரூபாயாகவும் உயர்த்தியது. புது வீடுகளையும் அறிவித்தது. அதையெல்லாம் மனமார வரவேற்கிறேன். ஆனாலும் அந்தப் பையன் கையில் இன்னும் பெயிண்ட் பிரஷ்தான் இருக்கிறது. இதெல்லாம் எனக்குப் படித்துத் தெரிந்ததல்ல. அந்தப் புட்டுக்குப் பிறகுதான் தெரியவந்தது. பொட்டலம் கொடுத்துவிட்டு வந்திருந்தால் அவர் என்னை அழைத்திருக்கமாட்டார். என் எண் கூட அவரிடம் இருந்திருக்காது.

என் வகுப்புத் தோழன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு ஊரே அந்தக் கிடங்கைப் பார்க்கும் விதம் மாறிவிட்டது. சாம்பார் போவது நின்றது. அப்பா போகவேண்டாம் என்றார், நான் போகவில்லை. அவனும் பள்ளிக்கூடத்துக்கு வருவது குறைந்தது. 1992இல் திருப்பி அனுப்பத் தொடங்கியபோது போனவர்களில் அவன் குடும்பமும் ஒன்று. அதன் பிறகு மன்னாரில் நடந்ததையெல்லாம் செய்தித்தாளில் படிக்கும்போது அவன் அம்மா சுவரோரம் சாய்த்துவைத்த அந்தத் தட்டுதான் எனக்கு நினைவுக்கு வரும்.

தொடரலாமா என்று கேட்டீர்கள். இருநூறு பேருக்கு வேண்டாம். அந்த ஒரு வீட்டுக்குப் போங்கள். அனுமதி வாங்கிக்கொண்டே போங்கள், உங்களால் அவர்களுக்கு ஒரு விசாரணை வந்துவிடக் கூடாது. உங்கள் மகளை அழைத்துப் போங்கள். படம் எடுக்காதீர்கள். அதற்கு அடுத்த முறை அவர்களை உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். வெளியே வர அவர்களுக்கும் சொல்லிவிட்டு வரவேண்டிய இடங்கள் இருக்கும், ஆகையால் நாளை முன்னதாகவே பேசிவையுங்கள். உங்கள் வீட்டில் நீங்கள் உண்ணும் அதே தட்டில், உங்களுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் பரிமாறுங்கள்.

போகிற அன்று காலையில் எதுவும் சாப்பிடாமல் கிளம்புங்கள். அந்த அம்மா வாசலிலேயே, சாப்பிட்டாயிற்றா என்று கேட்பார். இல்லை அம்மா, பசிக்கிறது என்று சொல்லுங்கள்.