நீண்ட இரவில் ஒரு விளக்கு ஊர்வலம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். குளிர்காலத்தில் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊரில் இருக்கிறேன். இந்த டிசம்பர் 21 அன்று, வருடத்தின் மிக நீண்ட இரவில், எங்கள் குடியிருப்பில் எல்லோரும் கையில் விளக்கோடு ஊர்வலம் போகலாம் என்று பேச்சு. ஏற்பாட்டுக் குழுவில் நானும் இருக்கிறேன். ரெடிமேட் விளக்குகளை மொத்தமாக வாங்கி, வழியெல்லாம் சீரியல் பல்பு கட்டி, பெரிய ஸ்பீக்கர் வைத்து ஜமாய்த்துவிடலாம் என்கிறார்கள் சிலர். ஒருவர், "பழங்காலச் சடங்கு என்று நோட்டீஸில் போட்டிருக்கிறீர்கள், உண்மையில் நேற்று முளைத்த விஷயம் இது, இதற்கு ஏன் இத்தனை பாடு" என்கிறார். விளக்கை அவரவரே செய்து கொண்டுவர வேண்டும் என்று எனக்கு ஆசை. ஏன் என்று கேட்டால்தான் பதில் சொல்ல வரவில்லை.

இதற்கு நடுவில் என் எட்டு வயது மகள், "நாம விளக்கு கொண்டு போனா மறுநாள் சீக்கிரம் விடிஞ்சிடுமாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சொன்னது சரிதானா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகளிடமிருந்தே ஆரம்பிக்கிறேன், மற்றக் கேள்விகளுக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது. மறுநாள் சீக்கிரம் விடியாது. இன்னும் கொஞ்சம் தாமதமாகத்தான் விடியும். லண்டனை எடுத்துக்கொண்டால், அங்கே சூரியன் மிகச் சீக்கிரம் மறைவது டிசம்பர் 12 வாக்கில், மிகத் தாமதமாக உதிப்பது வருடக் கடைசியில். அதாவது 21ஆம் தேதி வருவதற்கு முன்பே மாலைகள் மெல்ல நீளத் தொடங்கிவிடும், காலைகளோ புத்தாண்டு வரை பின்னுக்குப் போய்க்கொண்டே இருக்கும், இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் பகல் மிகக் குட்டையாக வரும் நாள்தான் டிசம்பர் 21 அல்லது 22. லண்டனில் அன்றைக்குப் பகல் சுமார் 7 மணி நேரம் 50 நிமிடம். மறுநாள் கூடுவது சில விநாடிகள். பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதால் தெற்கே போய்க்கொண்டே இருந்த சூரியன், மகர ரேகைக்கு நேர் மேலே வந்து திரும்புகிற இடம் அது, கதிர்த்திருப்பம் என்பது இதைத்தான். ஊஞ்சல் உச்சிக்குப் போனதும் ஒரு கணம் நிற்குமே, அப்படி.

ஆக, திருப்பம் நடந்துவிட்டது, ஆனால் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. எழுந்து ஜன்னலைத் திறந்தால் முந்தின நாள் மாதிரியே இருட்டு. இந்த ஊர்வலம் தேவைப்படுவதே அதனால்தான் என்று நான் நினைக்கிறேன். கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதை ஒரு தெருவே சேர்ந்து கவனிக்க வேண்டும் என்றால் எல்லோரும் வெளியே வந்து, இருட்டில் ஒன்றாக நடந்துதான் பார்க்க வேண்டும்.

அடுத்து, நேற்று முளைத்தது என்று சொல்பவர். அவர் சொல்வது பாதி சரி. கதிர்த்திருப்ப நாளில் காகித விளக்கோடு ஊர் கூடி நடப்பது புதுசுதான். இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் பெயர்பெற்ற ஊர்வலம் ஒன்று உண்டு, 'பர்னிங் த க்ளாக்ஸ்' என்று பெயர், டிசம்பர் 21 அன்று வில்லோ என்ற மரத்தின் குச்சியும் டிஷ்யூ காகிதமும் வைத்துத் தாங்களே செய்த விளக்குகளோடு கடற்கரைவரை நடந்துபோய் அங்கே அவற்றை எரித்துவிடுவார்கள். அது தொடங்கியது 1994இல். அதனால் நோட்டீஸிலிருந்து 'பழங்காலச் சடங்கு' என்ற வார்த்தையைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். புதுசு என்று சொல்வதில் ஒரு குறைவும் இல்லை. எந்தப் பண்டிகைக்கும் ஒரு முதல் வருடம் இருந்திருக்கும், அந்த வருடம் யாரோ பத்துப் பேர் கூச்சத்தோடு தெருவில் இறங்கியிருப்பார்கள்.

ஆனால் அந்த நாளைக் கவனிப்பது புதுசில்லை. அயர்லாந்தில் நியூகிரேஞ்ச் என்று ஒரு பெரிய கல்லறை மேடு இருக்கிறது, கட்டிச் சுமார் 5200 வருடம் ஆகிறது, எகிப்தின் கிஸா பிரமிடுகளைவிட மூத்தது. வாசலுக்கு மேலே சின்னதாக ஒரு திறப்பு. கதிர்த்திருப்பத்தை ஒட்டிய சில நாட்கள் மட்டும், விடிந்ததும் அந்தத் திறப்பு வழியாக வெயில் நுழைந்து, 19 மீட்டர் நீளமான நடைபாதையைத் தாண்டி உள்ளறைத் தரைக்கு வரும். சுமார் 17 நிமிடம், அவ்வளவுதான். 1967 டிசம்பர் 21 அன்று மைக்கேல் ஓ'கெல்லி என்ற அகழாய்வாளர் உள்ளே தனியாக நின்று அதைப் பார்த்தார். அந்தச் சில நிமிட வெளிச்சத்துக்காகக் கல் சுமந்தவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அவர்களும் கண்ணுக்குத் தெரியாத திருப்பத்தைக் கையால் பிடித்துக் காட்டத்தான் பாடுபட்டிருக்கிறார்கள்.

சரி, ஏன் நாமே செய்ய வேண்டும்? செய்துபார்த்தால் தெரியும். வளையக்கூடிய மெல்லிய குச்சிகள் வேண்டும், வில்லோ குச்சியோ மெல்லிய பிரம்போ எது கிடைத்தாலும் சரி. காய்ந்திருந்தால் தண்ணீரில் ஊறப்போடுங்கள், இல்லையென்றால் வளைக்கும்போது படக்கென்று ஒடிந்துவிடும். மூட்டுகளுக்கு மாஸ்கிங் டேப். முதல்முறை செய்பவர்களுக்குப் பிரமிடு வடிவம் போதும்: அடியில் ஒரு சதுரம், நான்கு மூலையிலிருந்து நான்கு குச்சி, உச்சியில் ஒரு கட்டு. மீன், பறவையெல்லாம் அடுத்த வருடம். அப்புறம் காகிதம். நனைந்தாலும் சுலபத்தில் கிழியாத டிஷ்யூ என்று கேட்டு வாங்குங்கள். வெள்ளைப் பசையைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, காகிதத்தை மேஜையில் விரித்து ஸ்பாஞ்சால் ஒற்றி, ஈரத்தோடு தூக்கிக் குச்சிக் கூட்டின் மேல் போர்த்த வேண்டும். அந்த நேரத்தில் அது பார்க்கவே சகிக்காது, தொளதொளவென்று சுருங்கித் தொங்கும், குழந்தைகள் கெட்டுப்போய்விட்டது என்று அழப்பார்ப்பார்கள். தொடாமல் இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் பார்த்தால் காகிதம் காய்ந்து இறுகி, சுருக்கமெல்லாம் போய், விரலால் தட்டினால் சின்ன உடுக்கை மாதிரி ஒலிக்கும். அதைத் தட்டிப் பார்க்கிற பிள்ளையின் முகத்தை எந்த ரெடிமேட் விளக்கும் கொண்டுவர முடியாது. அதோடு, விளக்கு செய்வதற்காக இரண்டு சனிக்கிழமை ஒரே மேஜையில் உட்கார்ந்தவர்கள் ஊர்வலத்தன்று அறிமுகமில்லாதவர்களாக நடக்க மாட்டார்கள். பாதி ஊர்வலம் அந்த மேஜையிலேயே முடிந்துவிடுகிறது.

உள்ளே வைக்க எல்இடி போதும், மஞ்சள் சாயல் உள்ளதாகப் பாருங்கள். நீலம் கலந்த வெள்ளையில் காகிதம் வெளிறித் தெரியும். பல்பு புள்ளியாகத் தெரியாமலிருக்க அதன் மேல் ஒரு துண்டு டிஷ்யூவைச் சுற்றிவிடுங்கள். மெழுகுவர்த்தி அழகுதான், ஆனால் காற்றும் கூட்டமும் குழந்தைகளும் சேர்ந்த இடத்தில் வேண்டவே வேண்டாம். வானில் பறக்கவிடும் தீ விளக்கையும் யாராவது நிச்சயம் யோசனை சொல்வார்கள். எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாத நெருப்பு அது, ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சீரியல் பல்பு, ஸ்பீக்கர் விஷயத்தில் மட்டும் நீங்கள் பிடிவாதமாக நிற்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஓர் ஊர்வலத்துக்குப் போயிருந்தேன். ஜனங்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்து செய்த விளக்குகள். முன்னால் ஒரு வேன், அதன் மேல் ஃப்ளட் லைட், பாட்டு. அந்த வெளிச்சத்தில் ஒரு விளக்குகூட எரிகிற மாதிரி தெரியவில்லை, எல்லாம் வெறும் காகிதமாகத் தெரிந்தது. என் பக்கத்தில் நடந்த ஒரு பெரியவர் தன் விளக்கை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார், அணைந்துவிட்டதோ என்று. பாதி வழியில் வேன் வேறு தெருவுக்குத் திரும்பிப் போனது. அப்போதுதான் இருட்டு வந்தது, கூடவே விளக்குகளும் வந்தன. முன்னால் நடந்தவர்களின் முதுகுகள், ஒரு குழந்தையின் கன்னம், எல்லாம் மெல்லத் தெரிய ஆரம்பித்தன. யாரும் சொல்லாமலே எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் நான் இன்னமும் இந்த ஊர்வலங்களுக்குப் போகிறேன்.

அதனால் இருட்டைக் காப்பாற்றுங்கள். தெருவிளக்கு குறைவான வழியாகத் தேர்ந்தெடுங்கள், போனில் டார்ச் போட வேண்டாம் என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள், தரை சமமாக இருக்கிறதா என்று முந்தின நாள் இருட்டில் ஒருமுறை நடந்து பாருங்கள். இசை வேண்டுமென்றால் இரண்டு மேளம் போதும். அரைமணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குளிரில் சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே அதிகம். இருப்பதிலேயே சின்னப் பிள்ளையை முன்னால் விடுங்கள், அதன் நடைதான் ஊர்வலத்தின் வேகம். தெருவில் போக அனுமதி வாங்க வேண்டுமா என்று மட்டும் இப்போதே விசாரித்துவிடுங்கள்.

முடிவில் பிரைட்டனில் செய்வதுபோல விளக்கை நெருப்பில் போட்டு எரிப்பதா வேண்டாமா என்பதை அவரவரிடம் விடுங்கள். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லாமல் எரிக்கக் கூடாது.

இனி மகளுக்கு. சொன்னது தப்பு என்று ஒத்துக்கொள்ளுங்கள், அவளுக்குப் பிடிக்கும். பிறகு டிசம்பர் 21ஐ ஒட்டி வெயில் அடிக்கும் ஒரு நாளில், சூரியன் உச்சிக்கு வரும் நேரம் பார்த்து, ஒரு மீட்டர் குச்சியைச் சமதரையில் நேராக நட்டு, நிழலின் நுனியில் அவளையே ஒரு கல் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊர் 50 டிகிரி வட அட்சரேகையில் இருந்தால், டிசம்பர் 21 அன்று நிழல் 3.3 மீட்டருக்கும் மேல் நீளும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் மூன்று நான்கு சென்டிமீட்டர் குறைந்திருக்கும், ஒன்றும் மாறவில்லை என்றுதான் அவள் சொல்வாள். விளக்கை ஜன்னலில் வைத்துவிட்டுக் காத்திருங்கள். ஜனவரி 15 வாக்கில் நிழல் முதல் கல்லைவிட்டு 40 சென்டிமீட்டர் உள்ளே வந்திருக்கும். அன்றைக்கு அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா