நிலவில் விண்கல் மோதும் ஒளியை வீட்டுத் தொலைநோக்கியில் பிடிக்க முடியுமா?

முடியும். நீங்கள் கேட்கும் விதத்தைப் பார்த்தால் ஆறோ எட்டோ அங்குலத் தொலைநோக்கி கையில் இருக்கிறது, சனியின் வளையமெல்லாம் பார்த்தாகிவிட்டது என்று தோன்றுகிறது. என்னுடையதும் எட்டு அங்குலம்தான். கருவி போதும். உங்களுக்கு வேண்டியது வேறு ஊரில் இன்னொரு ஆள்.

ஏன் என்று சொல்கிறேன். மதுரையில் ஒரு டிசம்பர் மாலை. பிறையின் வெளிச்சமான பகுதியை ஒதுக்கிவிட்டு, பூமியின் ஒளி பட்டு மங்கலாகத் தெரியும் இருட்டுப் பக்கத்தை மட்டும் வினாடிக்கு 30 ஃபிரேம் வீதம் பதிவு செய்தேன். மறுநாள் ஓட்டிப் பார்த்தால், கிரிமால்டி என்ற கரிய பள்ளத்துக்குச் சற்று வடக்கே ஒரு புள்ளி. முதல் ஃபிரேமில் பளிச்சென்று, அடுத்ததில் மங்கலாக, அதற்கடுத்ததில் ஒன்றுமில்லை. திண்டுக்கல்லில் இதே வேலையாக இருக்கும் ஒருவருக்கு உடனே போன் போட்டேன்.

"அண்ணே, நேத்து 7.12க்கு உங்க பதிவுல ஏதாச்சும் இருக்கா?"

"ஏழு மணிக்கே இங்க மேகம் மூடிருச்சே தம்பி."

வாட்ஸப் குழுவில் போட்டதும் "பிக்சல் கோளாறு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அது இன்னும் உறுத்துகிறது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்த் துகள் கேமராவின் சென்சாரில் பட்டால் பெரும்பாலும் ஒரே ஃபிரேமில் கூர்மையான புள்ளியாகவோ கீற்றாகவோ வந்து போய்விடும். என்னுடையது இரண்டு ஃபிரேமில், பக்கத்திலிருந்த நட்சத்திரத்தைப் போலவே சில பிக்சல்களில் பரவியிருந்தது. செயற்கைக்கோளின் மினுக்காக இருக்கலாம் என்பதைத்தான் என்னால் மறுக்க முடியவில்லை. அது இரண்டு ஊரிலிருந்து பார்த்தால் நிலவின் வெவ்வேறு இடத்தில் தெரியும். மோதல் என்றால் ஒரே இடம், ஒரே நொடி. அதனால்தான் அதை மோதல் என்று நான் எங்கும் எழுதவில்லை.

"நாசா பார்க்கிறதே, நீ எதற்கு?" என்று கேட்பவர்களும் வருவார்கள். நாசா குழு அமெரிக்காவின் அலபாமாவில் 14 அங்குலத் தொலைநோக்கிகளை வைத்துத்தான் 2013 மார்ச் 17 அன்று நிலவின் மழைக்கடல் என்ற சமவெளியில் பெரிய ஒளி ஒன்றைப் பிடித்தது. சுமார் 40 கிலோ கல். பின்னர் நிலவைச் சுற்றும் விண்கலம் அங்கே 18 மீட்டர் அகலப் புதுப் பள்ளத்தைப் படமெடுத்தது. சரி, நமக்கு மாலை ஏழு மணி ஆகும்போது அலபாமாவில் காலை. அந்த நேரத்து நிலவை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? 2023 பிப்ரவரியில் நல்லதொரு மோதலைப் பதிவு செய்தவர் நாசாக்காரர் அல்ல, ஜப்பானின் ஹிரட்சுகா நகர அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டைச்சி ஃபுஜி.

14 அங்குலம் என்றதும் இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் அதே அளவுத் தொலைநோக்கி உறை போட்டுப் பூட்டிக் கிடக்கிறது. ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் துடைத்து வைப்பார்கள். மாணவர்களோடு வந்து இயக்குகிறேன், சம்பளம் வேண்டாம் என்று கடிதம் கொடுத்தேன், பதிலே இல்லை.

எந்த ஊர் என்று எழுதுங்கள். மதுரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டராவது தள்ளி இருந்தால், அடுத்த வளர்பிறையிலேயே ஜிபிஎஸ் நேரத்துக்குக் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு இருவரும் சேர்ந்து தொடங்கலாம்.