குழந்தைகளின் மனக்காயப் பயிற்சிக்கு உள்ளாட்சி நிதி: கேளுங்கள், சொல்கிறேன்

மன்ற உறுப்பினர்: வணக்கம் ஐயா. மனம் காயப்பட்ட குழந்தைகளைப் புரிந்து நடத்தக் கற்றுத்தரும் பயிற்சிக்காக, பள்ளி, குழந்தைகள் மையம், சமூகப் பணியாளர் என எல்லாருக்குமாக ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறோம். பெரிய மண்டபத்தில் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கிறார்கள். சரிதானே?

மண்டபக்காரருக்குச் சரி. ஒரு நாள் பேச்சைக் கேட்டவர்கள் மாலையில் கண் கலங்கிக் கிளம்புவார்கள். அடுத்த மாதம் ஒரு பையன் மேசையைக் கவிழ்த்தால் பழையபடி வெளியே நிறுத்துவார்கள். பயிற்சிக்குப் பிறகு ஓராண்டாவது மாதம் ஒருமுறை வந்து, நடந்த சம்பவங்களை ஊழியர்களோடு உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டும். பணத்தை அதில் போடுங்கள்.

மதிப்பீட்டில் எல்லாரும் பயிற்றுநர் கட்டணத்தை மட்டும் எழுதுகிறார்கள். பயிற்சிக்குப் போன ஆசிரியரின் வகுப்பை யார் பார்ப்பது? அந்த மாற்று ஆளின் சம்பளத்தையும் எழுதுங்கள். இந்த வேலையில் சம்பளம் குறைவு, ஆட்கள் நிற்பதில்லை. ஆகவே ஒருமுறை வரும் மானியத்தில் உள்ளூர்ப் பயிற்றுநர்களை உருவாக்குங்கள். புதிதாகச் சேர்பவர்களுக்கான பயிற்சியை வருடாந்திர பட்ஜெட்டில் தனித் தலைப்பாக வையுங்கள். தொகை சிறிதானாலும் தலைப்பு இருக்கட்டும். இல்லாவிட்டால் மன்றம் மாறும்போது திட்டமும் போய்விடும்.

பள்ளி ஆலோசகர்: பயிற்சி முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சிறுவயதில் பட்ட துன்ப அனுபவங்களை எண்ணிச் சொல்லும் ஏஸ் மதிப்பெண் படிவம் கொடுக்கலாமா?

வேண்டாம். அந்த மதிப்பெண்ணுக்கு மூலமான, 1998-ல் வெளியான ஆய்வு, பெரியவர்களிடம் அவர்களுடைய சிறுவயதைப் பற்றிக் கேட்டு, மக்கள்தொகை அளவில் உடல்நலத்தோடு பொருத்திப் பார்த்தது. ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்லும் அளவுகோல் அல்ல. ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான ராபர்ட் ஆண்டாவே 2020-ல், தனிமனிதரைத் தரம் பிரிக்க இந்த எண்ணைப் பயன்படுத்தாதீர்கள் என்று எழுதினார். உதவி கையில் இல்லாதபோது குழந்தையிடம் கதை கேட்காதீர்கள்.

ஒரு தாய்: விபத்துக்குப் பிறகு என் மகன் இரவில் அலறி எழுகிறான். எந்தப் பயிற்சியில் சேரலாம்?

அம்மா, பயிற்சி வேண்டாம். குழந்தை மருத்துவரிடம் சொல்லி, குழந்தைகள் மனநல நிபுணரைப் பாருங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

மைய நிர்வாகி: சான்றிதழ் தரும் நிறுவனம் நல்லதா, தராத நிறுவனமா?

முதல் பயிற்சிக்குப் பிறகு எத்தனை முறை திரும்ப வருவார்கள் என்று கேளுங்கள்.

புதிய ஆசிரியை: ஏஸ் படிவத்தைப் பெற்றோரிடம் கொடுக்கலாம் அல்லவா?

ஆலோசகருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கணக்காளர்: இதெல்லாம் பலன் தருகிறது என்பதற்கு ஆதாரம் உண்டா?

இதைத்தான் எதிர்பார்த்தேன். 2019-ல், ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கேம்பெல் அமைப்பின் வழி வெளியான ஆய்வுத் தொகுப்பு, பள்ளி முழுமைக்குமான இந்த அணுகுமுறையைக் கறாராகச் சோதித்த ஆய்வுகளைத் தேடியது. அவர்களுடைய தகுதிக்கு ஒன்றுகூடத் தேறவில்லை.

கணக்காளர்: அப்படியானால் வீண் செலவுதானே? அந்தப் பணத்தைக் குடும்பங்களின் வாடகைக்கே கொடுங்கள்.

சோதிக்கவில்லை என்றால் பலனில்லை என்று ஆகாது. வாடகைக்குக் கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. வீடு நிலைத்தால் சில மனக்காயங்கள் வராமலே போகலாம். ஆனால் ஏற்கெனவே காயப்பட்ட பிள்ளை நாளைக் காலை வகுப்புக்கு வருகிறதே, அதற்கு என்ன செய்வீர்கள்?

ஓய்வுபெற்ற ஆசிரியர்: தம்பி, ஆசிரியர் என்ன வைத்தியரா?

இல்லை ஐயா, ஆகவும் கூடாது. மனக்காயத்தை மையமாகக் கொண்ட அறிவுசார் நடத்தைச் சிகிச்சைக்கு, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் பேசிச் சீராக்கும் சிகிச்சைக்கு, நல்ல ஆதாரம் உண்டு. அதைப் பயின்ற சிகிச்சையாளர்தான் தர வேண்டும். ஆசிரியர் கற்க வேண்டியது, அடங்காமை போலத் தெரிவது பயமாக இருக்கலாம் என்பதையும், காயத்தைக் கிளறாமல் இருப்பதையும்.

கணக்காளர்: சரி, எப்படி அளப்பது?

எல்லாப் பள்ளிக்கும் ஒரே ஆண்டில் கொடுக்கப் பணம் போதாதல்லவா? சீட்டுக் குலுக்கிப் பாதிக்கு இந்த ஆண்டு, மீதிக்கு அடுத்த ஆண்டு கொடுங்கள். இடைநீக்கம், வராத நாட்கள், ஊழியர் விலகல் மூன்றையும் பயிற்சிக்கு முந்தைய ஆண்டிலிருந்தே குறித்து வையுங்கள். ஒப்பீடு தானாகக் கிடைக்கும்.

நூலகர்: ஏஸ் படிவத்தைக் கணினியில்...

கூடாது. காகிதத்திலும் கூடாது, கணினியிலும் கூடாது.

மன்ற உறுப்பினர்: கடைசியாக ஒன்று ஐயா, முதலில் யாருக்குப் பயிற்சி?

வாசலில் இருப்பவருக்கு. காவலாளி, வரவேற்பு எழுத்தர், வண்டி ஓட்டுநர். பிள்ளை காலையில் முதலில் பார்ப்பது அவர்கள் முகத்தைத்தான். உங்கள் பட்டியலில் அவர்கள் பெயரே இல்லை, பார்த்தேன்.