கூத்தனூர்: மூன்று கதைகளும் ஒரு சொல்லும்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு மூன்று வயது முடிகிறது. வரும் விஜயதசமிக்குக் கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் ஏடு தொடங்கலாம் என்று இருக்கிறோம். குடும்ப வாட்சப் குழுவில் கேட்டேன், மூன்று கதைகள் வந்து விழுந்தன. பிரம்மாவின் சாபத்தால் சரஸ்வதி அங்கே பிறந்தாள் என்று ஒன்று. ஊமைக்குத் தாம்பூலம் கொடுத்துப் பேசவைத்தாள் என்று ஒன்று. ஒட்டக்கூத்தர்தான் கோயிலுக்குக் காரணம் என்று ஒன்று. எது உண்மையான தலபுராணம்? அங்கே அம்மன் கையில் வீணை இல்லையாமே, அப்படியென்றால் அது சரஸ்வதிதானா என்று என் மாமியார் சந்தேகப்படுகிறார். போகிற வழியையும் செய்கிற முறையையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கோமதி, நங்கநல்லூர்

அன்புள்ள கோமதி,

மூன்றும் அந்தக் கோயிலைச் சுற்றிச் சொல்லப்படுபவைதான். ஆனால் மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பிறந்தவை. அவற்றை ஒரே கதையாகத் தைக்கப் பார்த்தால் தையல் பிரியும்.

சாபக் கதை இது. சத்தியலோகத்தில் யார் பெரியவர் என்று பிரம்மாவுக்கும் சரஸ்வதிக்கும் வாக்குவாதம். ஒருவரையொருவர் சபித்துக்கொண்டு, சோழநாட்டில் புண்ணியகீர்த்தி, சோபனை என்ற தம்பதிக்குப் பகுகாந்தன், சிரத்தை என்ற பெயரில் பிள்ளைகளாகப் பிறக்கிறார்கள். கல்யாண வயது வந்து வரன் தேடும்போது தாங்கள் யார் என்ற நினைவு திரும்புகிறது. கணவன் மனைவி, ஆனால் இந்தப் பிறவியில் அண்ணன் தங்கை. சிவனிடம் முறையிடுகிறார்கள். இந்தப் பிறவியில் கூட முடியாது, நீ இங்கேயே கன்னியாகத் தனித்திருந்து கேட்பவர்க்குக் கல்வி கொடு என்கிறார் சிவன்.

இந்தக் கதையின் கனமெல்லாம் அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. சிவன் கோயில்களில் சரஸ்வதியைச் சுவர் மாடத்திலோ பிராகாரத்திலோதான் பார்ப்போம். கருவறையில் மூலவராக அவள் தனித்து அமர்வது அபூர்வம். அப்படி அமர்ந்தால், சன்னதிக்கு வருகிறவர் முதலில் கேட்பது ‘ஐயன் எங்கே?’ என்பதுதான். அதற்குத்தான் இந்தக் கதை பதில் சொல்கிறது. ஆகவே கோயில் வந்த பிறகு கதை வந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. அதனால் கதை தாழ்ந்துவிடாது. அந்தப் பெண்ணுக்குச் சிரத்தை என்று பெயர் வைத்தவர் யாரோ, படிப்பைப் பற்றி நன்றாக யோசித்தவர்.

தாம்பூலக் கதையில் பேச்சு வராத புருஷோத்தம பாரதி என்பவர் அம்மனை வழிபட்டு, அவள் தந்த தாம்பூலத்தால் வாக்குப் பெற்றுக் கவியாகிறார். தெய்வம் மென்ற வெற்றிலை வாய்க்குள் போனதும் கவி பிறந்தது என்ற கதை நம்மிடம் பல தலங்களில், பல புலவர்கள் பெயரில் உலவுகிறது. கூத்தனூரிலேயே சிலர் இதை ஒட்டக்கூத்தருக்கும் ஏற்றிச் சொல்வார்கள். உங்கள் குழுவில் குழப்பம் ஆரம்பித்த இடம் இதுவாகத்தான் இருக்கும். பேச்சுத் தாமதமாகும் குழந்தைகளை அங்கே அழைத்துவரும் வழக்கத்துக்கு இந்தக் கதைதான் வேர். வேண்டிக்கொள்ளுங்கள், கூடவே குழந்தைக்குக் காது கேட்கும் திறனையும் பரிசோதித்துவிடுங்கள். பேச்சுத் தாமதத்துக்குக் கேள்விக் குறையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இனி ஒட்டக்கூத்தர். கால் ஊன்ற நிலம் கிடைப்பது இங்கேதான். 12ஆம் நூற்றாண்டில் விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் என்று மூன்று தலைமுறை அரசர்களின் அவையில் இருந்தவர். மூவருக்கும் உலா பாடியவர். இவர்களில் மூன்றாமவன், தாராசுரம் கோயிலைக் கட்டியவன், புலவருக்கு இந்த ஊரைக் கொடையாகக் கொடுத்தான், கூத்தன் ஊர் கூத்தனூர் ஆயிற்று என்பது மரபு. ஊர்ப்பெயரை மட்டும் வைத்து இதை நிறுவ முடியாது. கூத்தன் என்பது சிவனுக்கும் பெயர், பெரம்பலூர்ப் பக்கத்திலும் ஒரு கூத்தனூர் இருக்கிறது. ஆனால் இவருடைய தக்கயாகப்பரணியில் ‘ஆற்றங்கரைச் சொற்கிழத்தி’ என்று ஒரு வாழ்த்து வருகிறது. உ.வே.சா. 1930இல் பழைய உரையோடு பதிப்பித்த நூல் அது. கிழமை என்றால் உரிமை. நிலத்துக்கு உரியவன் நிலக்கிழான், சொல்லுக்கு உரியவள் சொற்கிழத்தி. ‘கலைமகள்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல் ஆற்றங்கரையில் இருப்பவள் என்று இடம் சுட்டுகிறார். கூத்தனூரும் அரசலாற்றங்கரை ஊர். மூன்று கதைகளில் எதைப் பிடித்துக்கொள்வது என்று கேட்டால், நான் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்வேன்.

ஆற்றின் பெயரைப் பற்றியும் ஒரு விளக்கம் உங்களுக்கு வந்திருக்கும்: ‘அரி சொல் ஆறு’ மருவி அரசலாறு ஆனது, சொல்லின் தெய்வம் இருப்பதால் அந்தப் பெயர் என்று. அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். தேவாரத்திலேயே அது அரிசில். அரிசிற்கரைப்புத்தூர் என்று ஒரு பாடல் பெற்ற தலமே உண்டு. ஒட்டக்கூத்தருக்குப் பல நூற்றாண்டு முன்னால் ஆற்றுக்குப் பெயர் இருந்தது.

உங்கள் மாமியாரின் கேள்வி நல்ல கேள்வி. கூத்தனூர் அம்மன் தாமரையில் பத்மாசனமிட்டு அமர்ந்தவள். மேல் வலக்கையில் அட்சமாலை, மேல் இடக்கையில் கலசம், கீழ் வலக்கையில் சின்முத்திரை, கீழ் இடக்கையில் புத்தகம். வீணைக்கு இடமே இல்லை. கங்கைகொண்ட சோழபுரத்தில் வடக்கு வாசல் படியை ஒட்டியுள்ள மாடத்தில் இருக்கும் சரஸ்வதியைப் பார்த்தால், ஏறத்தாழ இதே அமைப்புதான்: மாலை, கலசம், சுவடி. இது ஞான சரஸ்வதி, சொல்லித் தருகிற கோலம். வீணை பிடித்த கோலமும் பழையதுதான். ஆனால் சரஸ்வதி என்றாலே வீணை என்று நம் கண்ணில் ஒட்டவைத்ததில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த ரவிவர்மா அச்சுப்படங்களுக்கும் அவற்றைப் பார்த்துப் போட்ட காலண்டர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. வேதாரண்யத்தில் இன்னும் வேடிக்கை. அங்கே அம்பாளின் பெயரே யாழைப் பழித்த மொழியாள். அம்பாள் குரலைக் கேட்டு வெட்கி, சரஸ்வதி வீணையைக் கீழே வைத்துவிட்டாள் என்று சொல்லி, அவளைச் சுவடியோடு வைத்திருக்கிறார்கள். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள், சமாதானமாவார்.

போகும் வழி: எழும்பூரிலிருந்து மயிலாடுதுறை போய், திருவாரூர் சாலையில் பேரளம் தாண்டினால் பூந்தோட்டம். கோயில் அங்கிருந்து பக்கம். பூந்தோட்டத்தில் ரயில் நிலையம் உண்டு, ஆனால் உங்கள் ரயில் அங்கே நிற்குமா என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். நிற்காவிட்டால் மயிலாடுதுறையில் இறங்கிப் பேருந்து பிடிப்பது சுலபம். பேரளத்தை ஒட்டித் திருமீயச்சூர் இருப்பதால் லலிதாம்பிகையையும் பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றும். ஏடு தொடங்கும் காலையில் அந்த ஆசை வேண்டாம். குழந்தை தாங்காது.

சரஸ்வதி பூஜையன்று பாத தரிசனம். அம்மனின் பாதம் அர்த்தமண்டபம்வரை நீண்டு வந்தாற்போல அலங்கரித்திருப்பார்கள். மறுநாள் விஜயதசமி, ஏடு தொடங்கும் கூட்டம். இரண்டும் அடுத்தடுத்த நாள் என்பதால் ஒரு பயணத்தில் முடித்துவிடலாம் என்று சென்னையிலிருந்து வேன் வைத்துப் போகிறவர்கள் கணக்குப் போடுவார்கள். முதல் நாள் வரிசையில் நின்று களைத்த குழந்தை மறுநாள் காலை விரலையே நீட்டாது. ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

கையில் அரைக் கிலோ பச்சரிசி, விளிம்பு உயர்ந்த தாம்பாளம் ஒன்று, சிலேட்டு, பலப்பம், நோட்டு, பேனா இருந்தால் போதும். அரிசியை விரல் கனத்துக்குப் பரப்புங்கள். மெலிதாகப் பரப்பினால் தட்டில் விரல் வழுக்கும், குவித்தால் எழுதிய கோடு உடனே சரிந்து மூடிக்கொள்ளும். நெல் வேண்டாம், உமி மூன்று வயது விரலைக் கீறும். குழந்தையை மடியில் வைத்து, அதன் ஆள்காட்டி விரலை மட்டும் பிடித்து எழுதவையுங்கள். மணிக்கட்டை இறுக்கினால்தான் பெரும்பாலும் அழுகை வரும். நாக்கில் தேன் தொட்டு எழுதுவதானால் கல் பதிக்காத வழவழப்பான மோதிரத்தை வெந்நீரில் கழுவி எடுத்துப் போங்கள். குழந்தைக்கு முன்பே ஏதாவது சாப்பிடக் கொடுத்துவிடுங்கள். விரதம் பெரியவர்களுக்குத்தான்.

எந்த எழுத்து என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அங்கே போனதும் நாலு பேர் நாலு சொல்வார்கள். ‘ஹரி ஓம்’ என்பார் ஒருவர், பிள்ளையார் சுழி என்பார் இன்னொருவர். சுழி போட்டு ‘அ’ எழுதினால் போதும். ‘அ’வின் சுழியிலேயே பாதி நேரம் போய்விடும்.

தேர்வு எழுதப்போகிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஹால் டிக்கெட்டை அர்ச்சனைத் தட்டில் வைக்கக் கொடுத்தனுப்புவார்கள். அசலைத் தராதீர்கள், நகல் போதும். ஈரக் கையிலிருந்து குங்குமம் பார்கோடு மேல் பட்டால் தேர்வறை வாசலில் அது படிக்காது.

விஜயதசமி ஒத்துவராவிட்டால் மூல நட்சத்திர நாள் ஒன்றில் போங்கள். அவளுக்குரிய நட்சத்திரம், கூட்டமும் அவ்வளவு இருக்காது.