ஐந்து தட்டும் ஐந்து அளவு: லேசர் வாங்கினால் தீருமா?

ஒத்தக்கடையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் சின்னதாகப் பட்டறை போட்டிருக்கிறார். பேத்திக்குப் புத்தக அலமாரி செய்ய 18 மி.மீ. பிளைவுட் வாங்கி, ஐந்து தட்டுக்கும் ஒரே மூச்சில் டேப் வைத்து பென்சிலால் கோடு போட்டு, கை மெஷினில் (கையால் பிடித்து ஓட்டும் வட்ட பிளேடு ரம்பம்) கோட்டின் மேலேயே ஓட்டி அறுத்திருக்கிறார். "இரண்டு தடவை அளந்துதான் வெட்டினேன். ஆனாலும் ஒரு தட்டு இறுகுகிறது, இன்னொன்று ஆடுகிறது, ஐந்தும் ஐந்து அளவு. லேசர் மீட்டரும் டிஜிட்டல் கோணமானியும் வாங்கித் தருகிறேன் என்கிறான் மகன். வாங்கலாமா?" என்பது கேள்வி.

சார், மகன் வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், ஆனால் அந்தக் காசை வேறு சாமான் பக்கம் திருப்பிவிடுங்கள். சாதாரண லேசர் மீட்டரின் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் கூடக்குறைய 1.5 மி.மீ. அல்லது 2 மி.மீ. என்று அதிலேயே போட்டிருக்கும். நம் ஆசாரிமார் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று, அதாவது ஏறக்குறைய 3.2 மி.மீ. அரை நூல் 1.6. ஆக, அந்த லேசர் தாராளமாக அரை நூல் தப்பலாம் என்று அதைச் செய்த கம்பெனியே ஒத்துக்கொள்கிறது. ஹாலின் நீள அகலம் அளக்க, ஏணி போடாமல் பரண் உயரம் பார்க்க அது ராஜா. அலமாரித் தட்டுக்கு அது ஆகாது.

இன்னொன்று, உங்கள் தட்டுகள் கெட்டது அளந்ததில் இல்லை, அறுத்ததில். பிளேடு தின்கிற மரத்தைக் கணக்கில் எடுக்கவே இல்லை. கை மெஷின் பிளேடின் பல் அகலம் ஏறக்குறைய 2 மி.மீ.யிலிருந்து 2.5 மி.மீ. வரை இருக்கும், அந்த அகலத்துக்கு மரம் தூளாகப் போய்விடும். ஐந்து கோடும் முதலிலேயே போட்டு, கோட்டின் நடுவிலேயே ஓட்டினால், முதல் தட்டுக்கு ஒரு பக்கம் கம்பெனி விளிம்பு, அதாவது பலகை வாங்கும்போதே இருந்த ஓரம் என்பதால் அரை பிளேடு நஷ்டம், அடுத்து வருகிற ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் அரை அரையாக ஒரு முழுப் பிளேடு நஷ்டம். கை கொஞ்சம் அலைந்தது இதற்கு மேல். ஐந்தும் ஐந்தாக ஆனதில் ஆச்சரியமே இல்லை. ஒன்றை அளந்து அறுத்த பிறகுதான் அடுத்ததை அளக்க வேண்டும், பிளேடு எப்போதும் கோட்டை ஒட்டிக் கழிவுப் பக்கம்தான் ஓட வேண்டும். கழிவுப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுக்கொள்ளுங்கள். முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இன்றைக்கும் அந்தக் குறி போடாமல் மெஷினை எடுப்பதில்லை.

டேப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் பாவம், எல்லாப் பழியும் அதன் மேல்தான் விழுகிறது. நுனியில் இருக்கிற கொக்கி லேசாக ஆடும். அது பழுது இல்லை, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். வெளியே மாட்டி இழுக்கும்போது கொக்கி ஒரு தகட்டு கனத்துக்கு வெளியே வரும், சுவரில் முட்டி உள் அளவு எடுக்கும்போது அதே அளவுக்கு உள்ளே போகும், இரண்டிலும் பூஜ்யம் சரியான இடத்தில் நிற்கும். ஆடுகிறதே என்று சுத்தியலால் தட்டி இறுக்கிவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் அந்த டேப் குப்பைக்குத்தான். திருநகரில் ஒரு வீட்டுக்கு மாடுலர் கிச்சன் செய்தபோது பெட்டியை நான் ஒரு டேப்பில் அளந்தேன், கதவுகளை என் உதவியாளர் தம்பி இன்னொரு டேப்பில் அளந்தான். அவனுடையது என்றைக்கோ சாரத்திலிருந்து விழுந்து கொக்கி வளைந்தது. பதினான்கு கதவும் ஒன்றோடொன்று உரசின. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து இழைத்தோம், அந்த வீட்டம்மா காபி கொடுத்துக்கொண்டே எங்களைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு வேலைக்கு ஒரே டேப், அது யார் கையில் இருந்தாலும் சரி.

டேப்பின் ஆரம்பத்தில் முட்டை வடிவ வளையத்துக்குள் ரோமன் எண்ணில் ஒன்று அல்லது இரண்டு என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள். ஐரோப்பிய விதிப்படி அது டேப்பின் வகுப்பு. இரண்டாம் வகுப்பு டேப் ஒரு மீட்டர் நீளத்தில் அரை மி.மீ. வரை தப்பலாம், முதல் வகுப்பு 0.2 மி.மீ. வரைதான். நம் வேலைக்கு இரண்டாம் வகுப்பே போதும். நுணுக்கமான அளவுக்குக் கொக்கியை நம்பாமல் 10 செ.மீ. கோட்டை விளிம்பில் வைத்து அளந்து, கடைசியில் பத்தைக் கழித்துக்கொள்ளலாம். கழிக்க மறந்தால் பலகை 10 செ.மீ. நெட்டையாகப் போகும், அந்தப் பெருமையும் எனக்கு உண்டு.

சரி, வாங்க வேண்டியது என்ன?

முதலில் 30 செ.மீ. காம்பினேஷன் ஸ்கொயர் ஒன்று. மூலை மட்டம், 45 பாகை, ஆழமானி, விளிம்புக்கு இணையாகக் கோடு இழுக்கும் கருவி எல்லாம் அந்த ஒன்றிலேயே அடக்கம். ஆனால் கடையிலேயே சோதித்துப் பார்த்து வாங்குங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. நேர் விளிம்புள்ள பிளைவுட் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய், மட்டத்தை விளிம்பில் அணைத்து மெல்லிய கோடு ஒன்று போடுங்கள். பிறகு மட்டத்தை மறுபக்கமாகத் திருப்பி அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. விரிந்தால், அந்த இடைவெளியில் பாதிதான் உண்மையான தப்பு. 20 செ.மீ. நீளத்தில் இடைவெளி 1 மி.மீ. என்றால் தப்பு அரை மி.மீ. கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், ஆனால் 60 செ.மீ. பலகையில் அது ஒன்றரை மி.மீ. ஆகிவிடும், பிறகு நீங்கள் டேப்பைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்தது கத்தி. ஸ்டேஷனரி கடையில் ஒரு பிரியாணி விலைக்கும் குறைவாகக் கிடைக்கிற கட்டரே போதும். பென்சில் கோட்டுக்கு ஒரு அகலம் உண்டு. ஆசாரிப் பென்சில் மழுங்கினால் அந்தக் கோடே 1 மி.மீ. தாண்டிவிடும். கோட்டின் இந்தப் பக்கமா, நடுவா, அந்தப் பக்கமா என்ற கேள்விக்கே இடம் தராதது கத்திக்கோடுதான். முதல் இழுப்பு மயிலிறகு மாதிரி லேசாக, இரண்டாவது மூன்றாவது கொஞ்சம் அழுத்தி. கத்தி மரநாரை அறுத்துவிடுவதால் பிளைவுட்டின் மேல் தோல் பிசிறாமல் வரும். கைரம்பத்தில் அறுப்பதானால் இன்னொரு வேலை செய்யுங்கள்: கத்திக்கோட்டின் கழிவுப் பக்கத்தில் உளியைச் சாய்த்து ஒரு சன்னமான சிராய் எடுத்துவிடுங்கள். கத்திக்கோடு இப்போது ஒரு குட்டிச் சுவர் மாதிரி நிற்கும், ரம்பம் அதில் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளும், நீங்கள் தள்ளினாலும் நகராது. இந்த ஒன்றை மட்டும் இன்றைக்குச் சாயந்திரம் ஒரு கழிவுத் துண்டில் செய்து பாருங்கள்.

கைரம்பம் எப்போதும் ஒரே பக்கமாக ஓடுகிறது என்றால் கையைக் குறை சொல்லாதீர்கள். பற்கள் இடமும் வலமுமாக மாறி மாறி வளைந்திருக்கும், ஒரு பக்கம் கூடுதலாக வளைந்திருந்தால் ரம்பம் அந்தப் பக்கமே போகும். போகிற பக்கத்துப் பற்களின் மேல் சாணைக்கல்லை ரம்பத் தகட்டோடு தட்டையாக வைத்து ஒரே ஒரு தடவை இழுத்துவிட்டு மறுபடி அறுத்துப் பாருங்கள்.

இனி உங்கள் மெஷினுக்கு வருவோம். வட்ட பிளேடு மெஷினைக் கண்ணளவில் நேராக ஓட்டுவது என்பது எனக்கும் நடக்காது. அதற்கு ஒரு வழிப்பலகை செய்துகொள்ளுங்கள், கடையில் விற்கிற வழிகாட்டித் தண்டவாளத்துக்கு இது தம்பி முறை. 6 மி.மீ. பிளைவுட்டில் ஒரு அடி அகலம், நான்கு அடிக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்தில் ஒரு பட்டை. அதன் மேல் 12 மி.மீ. பிளைவுட்டில் மூன்று நான்கு அங்குல அகலத்தில் இன்னொரு பட்டையைப் பசை போட்டு ஸ்க்ரூவும் முடுக்கி ஒட்டுங்கள். இந்த மேல் பட்டையின் வழிகாட்டும் விளிம்பு கம்பெனி வெட்டாக இருக்க வேண்டும், முழுப் பலகையின் ஓரத்திலிருந்து எடுத்தால் அது நேராக இருக்கும். பசை காய்ந்ததும் மெஷினின் அடித்தட்டை அந்த விளிம்பில் அணைத்து ஒரு தடவை ஓட்டுங்கள். அடிப்பட்டையில் மிஞ்சியதை பிளேடு சீவித் தள்ளிவிடும். இப்போது அடிப்பட்டையின் விளிம்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் உங்கள் மெஷின் வெட்டும், அணு பிசகாது. கத்திக்கோட்டில் அந்த விளிம்பை வைத்து, இரண்டு முனையிலும் சி-கிளாம்ப் போட்டு ஓட்ட வேண்டியதுதான். அளந்து, பிளேடுக்கும் அடித்தட்டுக்கும் இடைவெளி கூட்டி, கழித்து என்ற கணக்கெல்லாம் ஒழிந்தது. பிளேடை மாற்றினால் மட்டும் இந்தப் பட்டை பொருந்துகிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும், பல் அகலம் வேறாக இருக்கும்.

ஓட்டுமுன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடுக்கும் அடித்தட்டுக்கும் நடுவே மட்டத்தை வைத்து 90 பாகை நிற்கிறதா பாருங்கள், மெஷினில் அச்சடித்திருக்கிற கோண எண்ணை நம்ப வேண்டாம். பிளைவுட்டுக்கு 40 பல் கார்பைடு பிளேடு போடுங்கள். கை மெஷினில் பல் கீழிருந்து மேலே வருகிறது, அதனால் பிசிறு மேல் பக்கம்தான் வரும், நல்ல முகத்தைக் கீழே கவிழ்த்துப் போடுங்கள். டேபிள் ரம்பத்தில் இது தலைகீழ். உங்களிடம் இருப்பது டைல் வெட்டுகிற மார்பிள் கட்டரில் மர பிளேடு மாட்டியது என்றால் மட்டும் சார், தயவுசெய்து அதை ஓரம் கட்டுங்கள். பல ஊர்களில் அப்படித்தான் ஓட்டுகிறார்கள், எனக்குத் தெரியும், விரல் போனவர்களையும் தெரியும். மரத்தில் பிளேடு சிக்கி உதைத்தால் அந்த மெஷின் தாங்காது, அந்த வேகத்துக்கு ஏற்ற மூடியும் அதில் கிடையாது.

நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இது: ஒரே அளவில் ஐந்து வேண்டுமென்றால் ஐந்து தடவை அளக்கவே கூடாது. ஒரு தடவைகூட அளக்காமல் முடியுமா என்று பாருங்கள். எங்கள் அப்பா கூரை வேலைக்குப் போகும்போது டேப் கொண்டுபோக மாட்டார், ஒரு ரீப்பர் குச்சி, அதாவது மெல்லிய மரச்சட்டம்தான். இடுக்கில் குச்சியை வைத்துக் கத்தியால் கீறிக்கொள்வார், வந்து மரத்தில் அந்தக் கீறலையே இறக்கிவிடுவார். எண் என்பதே நடுவில் வராது, அதனால் 56 என்பதை 65 என்று எழுதிக்கொள்ளும் ஆபத்தும் இல்லை. உங்கள் அலமாரிக்கும் அப்படி ஒரு அளவுக்குச்சி செய்யுங்கள். எந்தத் தட்டு எந்த உயரத்தில் என்று ஒரே குச்சியில் கீறி, இரண்டு பக்கப் பலகையையும் புத்தகம் விரித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் போட்டு, அடி விளிம்பை ஒரே மட்டத்தில் சேர்த்து, இரண்டுக்கும் குறுக்காக ஒரே கோடு. தட்டின் இடது நுனியும் வலது நுனியும் ஏறி இறங்கி நிற்க வழியே இல்லை.

தட்டின் நீளத்துக்கும் அதேதான். முதல் தட்டை உள் இடுக்கில் பொருத்திப் பார்த்துச் சரியாக அறுத்துவிட்டால், மற்ற நான்குக்கும் அதுவே அளவுகோல். அதன் மேலேயே அடுக்கிக் கத்தியால் கீறுங்கள். எப்போதும் முதல் தட்டை வைத்து நான்காவதை எடுக்க வேண்டும், மூன்றாவதை வைத்து எடுத்தால் தப்பு குட்டி போடும்.

கனம் அளக்க ஒரு நல்ல டிஜிட்டல் காலிப்பர் மட்டும் வாங்கிக்கொள்ளலாம், ஏனென்றால் 18 மி.மீ. என்று விற்கிற பிளைவுட் பல சமயம் 18 இருக்காது. வெளி அகலம் 600, இரண்டு பக்கம் 18, ஆக உள்ளே 564 என்று நீங்கள் காகிதத்தில் கணக்குப் போட்டிருப்பீர்கள். பலகை நிஜத்தில் 17.4 என்றால் உள்ளே 565.2, ஒரு மி.மீ.க்கு மேல் ஆட்டம் அங்கேயே வந்துவிட்டது. காடி (நீளப் பள்ளம்) எடுத்துத் தட்டைச் செருகுவதானால் இது இன்னும் கண்டிப்பு, காடியின் அகலத்தை எண்ணிலிருந்து எடுக்காமல் பலகைத் துண்டையே நிறுத்திக் கீறுங்கள்.

கூட்டியபின் பெட்டியின் மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள். சமமாக இருந்தால் மூலைகள் மட்டம், இல்லையென்றால் நீளமான மூலைவிட்டத்தின் வழியே கிளாம்ப் போட்டு இழுத்துவிட்டுப் பசை காயவிடுங்கள். பெரிய பெட்டிக்கு நம் கொத்தனார்கள் மூலை மட்டம் பார்க்கிற 3, 4, 5 கணக்கும் அப்படியே உதவும்: ஒரு பக்கம் 60 செ.மீ., மறுபக்கம் 80 என்று குறித்தால் குறுக்கே 100 வர வேண்டும்.

இதெல்லாம் பிளைவுட்டுக்கு. நாளைக்குத் தேக்கு, வேம்பு என்று போனால், சித்திரை வெயிலில் அச்சாகப் பொருந்திய கதவு ஐப்பசி மழையில் நிலையில் முட்டும், மரம் நார் போகிற நீளத்தில் அசையாது, குறுக்கில் உப்பும். அதற்கு இடம் விட்டுத்தான் அறுக்க வேண்டும், அதைத் தனியாக எழுதுகிறேன்.

இப்போது செய்து வைத்த அலமாரியைப் பிரிக்க வேண்டாம். இறுகுகிற தட்டை, ஒரு நேர்க்கட்டையில் 80 நம்பர் உப்புத்தாள் சுற்றி நுனியில் தேய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொருத்திப் பாருங்கள், இழைப்புளி போட்டால் பிளைவுட் பசை அதன் முனையைத் தின்றுவிடும். ஆடுகிற தட்டுக்கு ஒரு நுனியில் வெனீர் (மெல்லிய மரத்தோல்) பட்டை ஒட்டி, காய்ந்ததும் விளிம்போடு சீவிவிடுங்கள். அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து நிற்கட்டும்.