அப்பாவின் கேசட்டும் ஆல்பமும்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரக் குறிப்பில், ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் கேளுங்கள், பாட்டு பாட்டாகப் பிய்த்துக் கேட்காதீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. என் அப்பா இசை கேட்டதெல்லாம் ரெக்கார்டிங் சென்டரில் பதிந்து வாங்கிய கேசட்டுகளில்தான். பத்துப் படங்களிலிருந்து பத்துப் பாட்டு. நானும் பஸ்ஸில் போகும்போது பிடித்த பாட்டை மட்டும் போனில் கேட்கிறேன். நம் சினிமாப் பாட்டுக்கு ஆல்பம் என்று ஒன்று உண்டா? மேல்நாட்டு வழக்கத்தை நம் மேல் போட்டுப் பார்க்கிறீர்களோ? அப்பா கேட்டதெல்லாம் அரைகுறைதானா?

கா., திருநெல்வேலி

அன்புள்ள கா.,

அந்தக் குறிப்பை அவசரத்தில் எழுதிவிட்டேன். சினிமாப் பாட்டைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதுதான் சரி.

சினிமாப் பாட்டுக்கு வீடு படம்தான். அதைவிட்டு வெளியே வந்தபின் அது எந்த இசைத்தட்டில், எந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் இருந்தாலும் பெரிய சேதமில்லை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தமிழ்ப் படப் பாட்டு பெரும்பாலும் இ.பி. தட்டில்தான் வந்தது. ஏழு அங்குலம், நிமிடத்துக்கு 45 சுற்று, பக்கத்துக்கு இரண்டு பாட்டு. கேசட் வந்தபிறகு ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் வேறு படம். சம்பந்தமே இல்லாத இரண்டு படங்கள் எங்கள் வீட்டில் இன்றும் உடன்பிறந்தவை மாதிரிதான்.

ரெக்கார்டிங் கடையை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. கோடு போட்ட தாளில் பாட்டுகளை எழுதிக் கொண்டுபோவோம். 60 நிமிடமா, 90 நிமிடமா என்று கேட்பார். எங்கள் ஊர்க் கடைக்காரர் பட்டியலை அப்படியே பதிய மாட்டார். "ரெண்டு சோகப் பாட்டை அடுத்தடுத்து வைக்காதே தம்பி, நடுவில் இதைப் போடு" என்று பேனாவால் அம்புக்குறி இழுப்பார். பக்கத்தின் கடைசியில் மூன்று நிமிடம் மிஞ்சினால் நாம் கேட்காத ஒரு பாட்டைத் தானே போட்டுக் கொடுப்பார். நான் மிக விரும்பும் பாட்டுகளில் சில அப்படி வந்தவைதான்.

ஒரு பாட்டு முடிகிறது. அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் அதன் முதல் இசை காதுக்குள் தானாகவே எழுகிறது. உங்கள் அப்பாவுக்கு இது நிச்சயம் நடந்திருக்கும். ஒருவர் உட்கார்ந்து, யோசித்து, வரிசைப்படுத்தியதை இன்னொருவர் பல முறை கேட்டதால் உண்டான பழக்கம் அது. அதை அரைகுறை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

ஆனால் வரிசையே இசையின் பகுதியாக இருக்கும் படைப்புகள் உண்டு. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' 1986இல் வந்தது. படத்துக்காகச் செய்ததல்ல. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹுக்கும் காணிக்கையாக்கியது. அதில் ஒரு துண்டின் தலைப்பு 'ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ்'. என் வீட்டில் பாஹைச் சந்தித்தேன் என்கிறார். பாஹ் தனி வயலினுக்கு எழுதிய ஒரு முன்னிசை அதில் ஓடுகிறது. அதைச் சுற்றி இவருடைய இசை வந்து சேர்ந்துகொள்கிறது. அடுத்த துண்டின் தலைப்பு 'அண்ட் வீ ஹாட் எ டாக்'. பிறகு நாங்கள் பேசினோம். இந்த இரண்டாவதை மட்டும் உங்கள் போன் எங்கிருந்தோ உருவி எடுத்துக் கொடுத்தால், யார் யாரோடு பேசினார்கள்? அதில் வாசிக்கும் வி. எஸ். நரசிம்மனின் வயலின் அப்போதும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் வாக்கியத்தின் பாதி காணாமல் போயிருக்கும். நான் பிய்க்காதீர்கள் என்று சொன்னது இந்த மாதிரி இடத்தை நினைத்துத்தான்.

மேல்நாட்டு வழக்கம் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆல்பம் என்ற சொல் அங்கிருந்து வந்ததுதான். 78 சுற்றுத் தட்டில் பக்கத்துக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம்தான் பிடிக்கும். சிம்பொனி போன்ற நீண்ட படைப்புக்குப் பல தட்டுகள் வேண்டும். அவற்றைப் புகைப்பட ஆல்பம் போல அட்டைப் புத்தகத்தில் சேர்த்து விற்றார்கள். 1948இல் கொலம்பியா நிறுவனம் எல்.பி. என்ற நீண்ட நேரத் தட்டைக் கொண்டுவந்த பிறகு, ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் நிற்காமல் ஓடியது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. சொல் அவர்களுடையது, சரி. ஆனால் வரிசையோடு கேட்பது நமக்குப் புதிதா? வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகள், விரிவான ஒரு ராகம், தாள வாத்தியங்களின் தனி ஆவர்த்தனம், அப்புறம் துக்கடாக்கள் எனும் லேசான சிறு உருப்படிகள், கடைசியில் மங்களம். பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்திய இந்தக் கச்சேரி முறையில் எது எங்கே வரவேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவருக்குத் துக்கடா கொடுக்கும் இளைப்பாறல், துக்கடாவை மட்டும் கேட்பவருக்குக் கிடைக்காது.

மேல்நாட்டிலும் தனிப்பாட்டு ஆல்பத்துக்கு இளைத்ததில்லை. 1966 கடைசியில் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் தங்கள் அடுத்த ஆல்பத்துக்கென்று 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்' பாட்டைப் பதியத் தொடங்கினார்கள். இடையில் பக்கத்துக்கு ஒரு பாட்டாகத் தனித்தட்டு ஒன்று வெளியிடும் நெருக்கடி வந்ததால், 1967 பிப்ரவரியில் அது 'பென்னி லேன்' பாட்டோடு சேர்ந்து வந்தது. முன்பே தனித்தட்டில் வந்ததை ஆல்பத்தில் சேர்க்க வேண்டாம் என்று நினைத்ததால் இரண்டுமே 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்தில் இல்லை. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் பின்னாளில் அதற்காக வருந்தினார். எனக்கு வருத்தமில்லை. ஒரு தட்டின் இரு பக்கங்களாக அந்த இரண்டும் தங்களுக்குள் நிறைந்திருக்கின்றன. அதே ஆண்டு டிசம்பரில் 'மேஜிக்கல் மிஸ்டரி டூர்' இங்கிலாந்தில் ஆறு பாட்டுகளோடு இரண்டு இ.பி.யாக வந்தது. அமெரிக்காவில் அந்த ஆண்டின் தனித்தட்டுப் பாட்டுகளையும் சேர்த்து எல்.பி. ஆக்கினார்கள். இன்று பெரும்பாலோர் ஆல்பம் என்று கேட்பது அந்தத் தொகுப்பைத்தான். அந்த இரண்டு பாட்டுகளுக்கும் கடைசியில் இடம் கிடைத்தது அதில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 'ஹவ் டு நேம் இட்' பத்துத் துண்டுகளையும் வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். பஸ்ஸில் வேண்டாம், வீட்டில். அப்புறம் ஒரு வேண்டுகோள். அப்பாவின் கேசட்டுகள் இன்னும் இருந்தால், நாடா பூஞ்சை பிடிப்பதற்குள் ஒவ்வொரு பக்கத்திலும் எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று எழுதி வையுங்கள். பாட்டுகள் எல்லாம் போனிலேயே கிடைக்கும். அந்த வரிசை உங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது. எழுதியதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், அதே வரிசையில் நானும் கேட்கிறேன்.

அன்புடன்.